மொனேத்தா என்னும் மும்மடி ஆகுபெயர்

தமிழ் வாத்தியாருக்கு லத்தீன் எதற்கு என்று என் வீட்டில் இன்றும் கேட்கிறார்கள். காசுக்காகத்தான் என்பேன். பழங்காசுப் பித்துப் பிடித்தவன் நான். கொங்கு நாட்டில் அந்தப் பித்து உள்ளவன் ரோமானியக் காசைத் தாண்டிப் போக முடியாது. புகானன் 1800இல் இந்தப் பக்கம் பயணம் வந்தபோதே பொள்ளாச்சியில் அகஸ்டஸ், டைபீரியஸ் பேரரசர்களின் காசுகள் கிடைத்த செய்தியை எழுதிவைத்தார். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் வெளிப்பட்ட ஒரே புதையலில் 500க்கு மேல் வெள்ளிக்காசுகள். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்தவை 501, அத்தனையும் பொன். அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கும்.

முகத்தை யாரும் பார்த்துவிடலாம். எனக்கு விளிம்பில் ஓடும் எழுத்துதான் உறுத்தல். அகஸ்டஸின் வெள்ளிக்காசில் வட்டமாக ஒரு வாசகம் உண்டு. ‘கைசார் அவுகுஸ்துஸ், தீவி எஃப், பாத்தெர் பாத்ரியை.’ சீசர் அகஸ்டஸ், தெய்வமானவனின் மகன், நாட்டின் தந்தை என்று பொருள். ‘எஃப்’ என்ற ஒற்றை எழுத்து மகன் என்னும் சொல்லின் சுருக்கம். ‘தீவி’ என்பது ‘தீவுஸ்’ என்பதன் ஆறாம் வேற்றுமை. ‘பாத்ரியை’யும் ஆறாம் வேற்றுமைதான், ஆனால் உருபு வேறு. ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு உருபு என்று கேட்டுக்கொண்டுதான் ஒரு வயதான பாதிரியாரிடம் போய் நின்றேன். குருமடத்தில் படித்த லத்தீன் அவர் நாக்கில் அப்படியே இருந்தது.

“தமிழய்யா, உங்களுக்கு எட்டு வேற்றுமை. அவர்களுக்கு ஆறுதான். சுலபம்” என்று ஆரம்பித்தார்.

சுலபம் இல்லை. தமிழில் உருபு ஒன்றேதான். மரத்தை, மகனை, மலையை என்று எதனோடும் அதே ‘ஐ’ ஒட்டும். லத்தீனில் பெயர்ச்சொற்கள் ஐந்து வாய்பாடுகளாகப் பிரிந்து, வாய்பாட்டுக்கு வாய்பாடு உருபு மாறுகிறது. முதல் வாய்பாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுச் சொல்தான் மொனேத்தா. காசுக்காரனுக்குக் காசிலேயே பாடம் நடத்தலாம் என்று நினைத்தார்போலும்.

அந்த வாய்பாட்டை இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். எழுவாய் ‘மொனேத்தா’, உண்மையில் ஈற்று அகரம் குறில், தமிழில் எழுதும் வசதிக்காக நீட்டுகிறேன். இரண்டாம் வேற்றுமை ‘மொனேத்தம்’. ‘ஆல்’, ‘இன்’ என்று நாம் சொல்லும் மூன்றாவதும் ஐந்தாவதும் அங்கே ஒரே வேற்றுமையாகக் கலந்துவிட்டன. அதில் ஈற்று அகரம் நெடிலாகும், எழுத்தில் வேறு மாற்றம் கிடையாது. ஆறாம் வேற்றுமை ‘மொனேத்தை’. நான்காவதும் அதே ‘மொனேத்தை’. பன்மை எழுவாயும் ‘மொனேத்தை’யேதான். ஐகாரத்தைக் கண்டால் செயப்படுபொருள் என்று பழகிய தமிழ் மூளை இங்கே நன்றாகத் தடுக்கி விழும். பன்மையில் ஆறாம் வேற்றுமை ‘மொனேத்தாரும்’. பார்த்தால் யாரோ மொனேத்தா வீட்டாரையும் சேர்த்து அழைத்தது போலிருக்கும். பாதிரியார் ‘மொனேத்தே’ என்றுதான் உச்சரிப்பார், அது திருச்சபை வழக்கு. சிசரோ காலத்து உச்சரிப்பு ஐகாரம் என்பது இன்றைய மொழியறிஞர்களின் முடிவு.

சரி, யார் இந்த மொனேத்தா?

ரோமின் கேப்பிட்டலைன் குன்றுக்கு இரண்டு உச்சிகள். தெற்கு உச்சியில் ஜூபிட்டரின் பெருங்கோயில். வடக்கு உச்சிக்கு ஆர்க்ஸ் என்று பெயர், கோட்டை என்று பொருள். இன்று அங்கே சாந்தா மரியா இன் அராகோயலி தேவாலயம் நிற்கிறது. பக்கத்தில் 1911இல் திறந்த இரண்டாம் விக்டர் இம்மானுவேல் நினைவகம், வெள்ளை வெளேரென்று குன்றையே மறைத்துக்கொண்டு. கி.மு. 345இல் அவுருங்கி மக்களோடு நடந்த போரில் லூசியஸ் ஃபூரியஸ் கமில்லஸ் என்ற சர்வாதிகாரி ஜூனோ தேவிக்கு ஒரு கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். மறு ஆண்டு அந்தக் கோயில் ஆர்க்ஸ் உச்சியில் எழும்பியது. ஜூன் முதல் தேதி அதன் திருநாள். அங்கே இருந்த ஜூனோவின் அடைமொழிதான் மொனேத்தா.

கோயில் எழுந்த மனைக்கு ஒரு பழங்கதை உண்டு. அது மார்க்கஸ் மான்லியஸ் என்பவரின் வீடு இருந்த இடம். கி.மு. 390இல், ரோமானியர் கணக்குப்படி, கால் இனத்தார் நகரைப் பிடித்துக்கொண்டு இரவில் குன்றேறியபோது ஜூனோவின் வாத்துகள் கத்தின. நாய்கள் தூங்கின. வாத்துச் சத்தத்தில் விழித்து எதிரியைத் தள்ளி வீழ்த்தியவர் இந்த மான்லியஸ். பிறகு அவர் கடன்பட்ட ஏழைகளின் பக்கம் சேர்ந்தார். கடனுக்காகக் கட்டி இழுத்துச் செல்லப்பட்டவர்களைத் தன் பணத்தைக் கொடுத்து மீட்டார். மேல்குடியினருக்கு இது பொறுக்கவில்லை. அரசனாக ஆசைப்படுகிறான் என்று குற்றம் சாட்டி, 384இல் தார்ப்பேயப் பாறையிலிருந்து உருட்டிவிட்டார்கள். வீட்டை இடித்தார்கள். இனி எந்த மேல்குடியினனும் அந்தக் குன்றில் குடியிருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அவருடைய குலத்தாரும் இனித் தங்கள் பிள்ளைகளுக்கு மார்க்கஸ் என்று பெயர் வைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கடனை அடைத்துவிட்டதற்காகச் செத்தவனின் வீட்டு மனையில்தான் பின்னாளில் உலகத்துக்கே காசு அடித்த கூடம் வந்தது. வரலாற்றாசிரியர் லிவி இதைச் சொல்லும்போது, இப்போது மொனேத்தாவின் கோயிலும் பட்டறையும் இருக்கும் இடம் என்றே அடையாளம் காட்டுகிறார்.

வாத்துகள் எச்சரித்தன, ‘எச்சரி’ என்பதற்கு லத்தீனில் ‘மொனேரே’, ஆகவே எச்சரிக்கும் ஜூனோ மொனேத்தா ஆனாள். எத்தனையோ புத்தகங்களில் இப்படித்தான் போட்டிருக்கிறது. நான் இதை ஒப்புவதில்லை. வாத்து கத்தியது 390இல் என்றால் கோயில் எழுந்தது 344இல். இடையில் 46 ஆண்டு. அதைவிடப் பெரிய காரணம், சிசரோவே வாத்தைச் சொல்லவில்லை. ஒரு நிலநடுக்கத்தின்போது ஆர்க்ஸ் உச்சியிலிருந்த ஜூனோ கோயிலிலிருந்து ஒரு குரல் கேட்டதாம். பரிகாரமாகச் சினைப்பன்றி ஒன்றைப் பலியிடுங்கள் என்றதாம். அதனால் அவளுக்கு மொனேத்தா என்று பெயராம். குறி பார்த்தலைப் பற்றிய தன் நூலில் ஒரு பாத்திரத்தின் வாயால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அதே நூலின் அடுத்த பகுதியில் சிசரோ தன் குரலிலேயே கிண்டலும் செய்கிறார்: அந்தச் சினைப்பன்றியைத் தவிர வேறு எதைப் பற்றியாவது இந்த மொனேத்தா நம்மை எச்சரித்தது உண்டா?

மூன்றாவதாக ஒரு கதை, 10ஆம் நூற்றாண்டு பைசாந்தியத்தில் தொகுக்கப்பட்ட ‘சூதா’ என்னும் கிரேக்க அகராதியில் இருக்கிறது. பிர்ரஸ் மன்னனோடு நடந்த போரில் (கி.மு. 280-275) பணமில்லாமல் தவித்த ரோமானியர் ஜூனோவை வேண்டினார்கள். நேர்மையாகப் போரிட்டால் பணத்துக்குக் குறைவு வராது என்று அவள் அறிவுரை சொன்னாள். வென்ற பிறகு அவள் கோயிலிலேயே காசு அடிப்பது என்று முடிவு செய்தார்கள். எச்சரிக்கை, பணம், கோயில் மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது இந்தக் கதை. இவ்வளவு அழகாகப் பொருந்தும் கதைகளைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நம் ஊர்த் தலபுராணங்களைப் படித்த பழக்கம்.

கதைகளை விடுங்கள். இலக்கணமே இடிக்கிறது. ‘மொனேயோ’ என்றால் நான் நினைவூட்டுகிறேன், எச்சரிக்கிறேன். ‘மொனேரே’ எச்சரிக்க. ‘மொனுயி’ எச்சரித்தேன். இந்த வினையிலிருந்து பிறக்கும் பெண்பால் பெயரெச்சம் ‘மொனித்தா’. அதற்கும் எச்சரிக்கப்பட்டவள் என்றுதான் பொருள், எச்சரிப்பவள் அல்ல. எச்சரிப்பவனுக்கு ‘மொனித்தோர்’ என்று தனிச்சொல் உண்டு. பள்ளிக்கூடத்தில் பேசுகிறவர் பெயரைப் பலகையில் எழுதிவைக்கும் வகுப்பு மானிட்டர் இந்தச் சொல்லின் நேர் வாரிசு. ‘அழி’ என்னும் பொருள் தரும் ‘தேலேரே’ என்ற வினைக்கு ‘தேலேத்தா’ என்று ஏகாரம் வரும், உண்மை. ஆனால் மொனேரே அந்தக் கூட்டத்தில் சேராது. ஆகவே மொனேத்தாவை மொனேரேயிலிருந்து நேராக இறக்க முடியாது. எட்ருஸ்கர்களின் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

ஆனால் அந்த வினையின் வேரைக் கொஞ்சம் தோண்டினால் பலன் இருக்கிறது. ‘மென்’ என்ற பழைய வேர், நினைத்தல் என்ற பொருளுடையது. லத்தீனில் மனத்தைக் குறிக்கும் ‘மென்ஸ்’ அதிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தின் ‘மனஸ்’, ‘மந்திரம்’, ‘மதி’ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். அங்கிருந்து நம் வாயில் மனசாகவும் மந்திரியாகவும் புழங்குகின்றன. கிரேக்கத்தில் நினைவுத் தெய்வம் ‘ம்னேமோசுனே’யும் இந்த வேர்தான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஹோமரின் ஒடிசியை லத்தீனுக்குக் கொண்டுவந்த லிவியஸ் ஆந்திரோனிகஸ், ம்னேமோசுனேவுக்கு இணையாகப் போட்ட சொல் மொனேத்தா. அந்தக் காலத்து ரோமானியன் காதில் மொனேத்தா என்றால் நினைவுக்குரியவள் என்று ஒலித்திருக்க வேண்டும்.

கோயிலில் நடந்த காரியங்களும் இதற்கு இசைவாகவே இருக்கின்றன. ஆண்டுதோறும் பதவியில் இருந்தவர்களின் பெயர்ப்பட்டியலை லினன் துணியில் எழுதிய ஏடுகள் அங்கேதான் இருந்தன. ரோமானிய அடியின் அளவுகோலுக்கு ‘பேஸ் மொனேத்தாலிஸ்’, மொனேத்தாவின் அடி என்று பெயர். இன்றைய கணக்கில் சுமார் 29.6 செ.மீ. நில அளவைக்காரன் தன் கோலைச் சரிபார்க்க வேண்டிய மூல அளவு அவள் காவலில் இருந்தது. பெயர்ப்பட்டியல், அளவு, எடை. எது மறக்கக் கூடாதோ, எதில் திருட்டு நடக்கக் கூடாதோ, அதெல்லாம் அந்தக் குன்றின் மேல். நாணயக் கூடம் அங்கே போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. கோட்டை, காவல் உண்டு, எடைக்கல் பக்கத்திலேயே.

வெள்ளிக்காசு தொடங்கியது கி.மு. 269இல் என்று பிளினி எழுதினார். நெடுநாள் அதையே எல்லாரும் நம்பினார்கள். சிசிலியில் மொர்கந்தினா என்ற அழிந்த நகரை அகழ்ந்தபோது, ஏறத்தாழ கி.மு. 211இல் நடந்த அழிவின் அடுக்குக்கு அடியில் தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசுகள் புத்தம்புதியனவாகக் கிடைத்தன. தெனாரியஸ் பிறந்தது ஹன்னிபால் போர்க்காலத்தில், 211ஐ ஒட்டித்தான் என்று அப்போது முடிவாயிற்று. காசு அடிப்பதை மேற்பார்வை பார்க்க மூன்று இளைஞர்கள் நியமிக்கப்படுவார்கள். அரசியலில் ஏற நினைப்பவனுக்கு முதல் படிகளில் ஒன்று அது. அகஸ்டஸ் காலத்துத் தாமிரக் காசுகளில் அவர்கள் பதவியின் பெயர் மூன்று ‘ஏ’யும் இரண்டு ‘எஃப்’புமாகச் சுருங்கி நிற்கும். விரித்தால் ‘ஐரே அர்கெந்தோ அவுரோ ஃபிளாந்தோ ஃபெரியுந்தோ’. செம்பு, வெள்ளி, பொன் ஆகியவற்றை உருக்கவும் அடிக்கவும் உரியவர்கள் என்று பொருள். கடைசிச் சொல் சிசரோ காலத்திலேயே பழசு. ‘ஃபெரியெந்தோ’ என்று வர வேண்டியதை அலுவலகம் பழைய உருவிலேயே வைத்துக்கொண்டது. நம் பத்திரங்களில் ‘மேற்படி’யும் ‘ஷை’யும் போகாமல் இருந்ததை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பதவியில் இருந்த தீத்தஸ் கரீசியஸ் என்பவர் கி.மு. 46இல் அடித்த வெள்ளிக்காசு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கம் தேவியின் தலை, பக்கத்தில் ‘மொனேத்தா’ என்று எழுத்து. மறுபக்கம் பட்டடைக்கல், குறடு, சுத்தியல். தொழிலாளியின் சாமானை அரசின் காசில் ஏற்றிவிட்டார். சூடேற்றிய வெள்ளித் துண்டைக் குறடால் பிடித்து, பட்டடையில் பதித்த அடி அச்சின் மேல் வைக்க வேண்டும். மேல் அச்சை அதன்மீது நிறுத்தி ஓங்கி அடிக்க வேண்டும். முகம் சில காசுகளில் ஓரமாக நழுவியிருக்கக் காரணம் அந்த அவசரம்தான்.

சொல்லின் பொருள் எப்போது நழுவியது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. கி.மு. 49, பிப்ரவரி. சீசர் ரூபிகான் ஆற்றைத் தாண்டிவிட்டார். நாட்டைவிட்டு ஓடுவதா இருப்பதா என்று தெரியாத சிசரோ, நண்பர் அத்திக்கஸுக்குக் கடிதம் எழுதும்போது வழிச்செலவுக்குப் பணம் புரட்டுவதைப் பற்றிச் சொல்கிறார்: மொனேத்தாவிடமிருந்து, அல்லது ஒப்பியஸ் குடும்பத்தாரிடமிருந்து. ஒப்பியஸ் குடும்பத்தார் வட்டிக்குக் கொடுப்பவர்கள். அப்படியானால் இந்த மொனேத்தா தெய்வம் அல்ல, காசு அடிக்கும் கூடம். கோயிலைச் சொல்லும்போது ரோமானியர் ‘கோயில்’ என்ற சொல்லையே விட்டுவிடுவது வழக்கம். ‘அத் மொனேத்தை’ என்றால் மொனேத்தாவின் (கோயில்) அருகே. பஸ்ஸில் ஏறி ‘மாரியம்மனுக்கு ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்கிறோமே, அதேதான்.

தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இங்கே மணி அடிக்க வேண்டும். இது ஆகுபெயர். கறுப்பு நிறத்தைக் குறிக்கும் ‘கார்’ மேகத்துக்கு ஆகி, மேகத்திலிருந்து மழைப் பருவத்துக்கு ஆகி, பருவத்திலிருந்து அப்போது விளையும் நெல்லுக்கு ஆவதை மும்மடி ஆகுபெயர் என்போம். தேவியின் பெயர் கோயிலுக்கு ஆயிற்று, கோயிலின் பெயர் பட்டறைக்கு ஆயிற்று, பட்டறையின் பெயர் அங்கே அடித்த காசுக்கு ஆயிற்று. எச்சரிக்கைக்கும் பணத்துக்கும் ஏதோ ஆழ்ந்த தொடர்பு இருப்பதாகச் சொற்பிறப்பு பேசுகிறவர்கள் இந்த எளிய வழியைப் பார்ப்பதில்லை. பணத்துக்கு அந்தப் பெயர் வந்தது பட்டறையின் முகவரியால். பட்டறை ஜூபிட்டர் கோயிலை ஒட்டி இருந்திருந்தால் ஆங்கிலேயன் இன்று பணத்தை வேறு ஏதோ சொல்லி அழைத்திருப்பான்.

ஆகுபெயர் என்பதற்கு உறுதியான சான்று, பட்டறை இடம் பெயர்ந்த பிறகும் பெயர் போகாமல் இருந்ததுதான். கி.பி. 80இல் கேப்பிட்டலைன் குன்றில் பெருந்தீ. அதற்குப் பிறகு கூடம் கொலோசியத்துக்குக் கிழக்கே, இன்றைய சான் கிளெமெந்தே தேவாலயத்தின் பக்கம் போய்விட்டது என்பது பலருடைய கருத்து. அங்கே கிடைத்த 115ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் தொழிலாளிகள் தங்களைத் தாங்களே வரிசைப்படுத்திக்கொள்கிறார்கள். அச்சு பதிப்பவர்கள் ‘சிக்னாத்தோரேஸ்’. வெள்ளித் துண்டை அச்சுக்கு இடையில் வைப்பவர்கள் ‘சுப்போஸ்தோரேஸ்’. சுத்தியல்காரர்கள் ‘மல்லெயாத்தோரேஸ்’. எல்லாரும் ‘மொனேத்தை’யைச் சேர்ந்தவர்கள், ஆறாம் வேற்றுமையில். பெரும்பாலும் பேரரசரின் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும்தான். அவர்கள் நேர்ந்துகொண்ட தெய்வங்கள் அப்பல்லோ, அதிர்ஷ்ட தேவி, ஹெர்குலிஸ். சுத்தியல்காரனுக்கு ஹெர்குலிஸ் பொருத்தம்தான். கோயிலை விட்டு வெகுதூரம் வந்த பிறகும் கூடத்தின் பெயர் மொனேத்தா.

இனிக் காசின் மேல் இந்தச் சொல் எப்படி நடந்துகொண்டது என்று பார்க்கலாம். பேரரசர் டொமிஷியன் 82இல் வெள்ளியின் தரத்தை உயர்த்தினார், 85இல் கொஞ்சம் இறக்கினார். அந்த ஆண்டுகளில்தான் அவருடைய செம்புக்காசுகளில் துலாக்கோலும் வளக்கொம்பும் ஏந்திய பெண் ஒருத்தி தோன்றுகிறாள். ‘மொனேத்தா அவுகுஸ்தி’, பேரரசனின் மொனேத்தா. அங்கே ஆறாம் வேற்றுமை முழுதாக எழுதியிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் ‘மொனேத்தா அவுக்’ என்று சுருக்கிவிட்டார்கள். அது ‘அவுகுஸ்தி’யா, பேரரசனின் மொனேத்தாவா, ‘அவுகுஸ்தா’வா, மாட்சிமை மிக்க மொனேத்தாவா? இரண்டும் பொருந்தும். உருபைத் தொலைத்த சுருக்கம் இப்படித்தான் பழிவாங்கும். இரண்டு பேரரசர்கள் சேர்ந்து ஆண்டால் கடைசி எழுத்தை இரட்டிப்பார்கள், மூவர் என்றால் மூன்று முறை. பன்மையை எழுத்தின் எண்ணிக்கையாலேயே காட்டும் தந்திரம். பெரிய பதக்கங்களில் தேவியே பன்மையாகிவிடுவாள். பொன்னுக்கு ஒருத்தி, வெள்ளிக்கு ஒருத்தி, செம்புக்கு ஒருத்தி என மூன்று மொனேத்தாக்கள் துலாக்கோலோடு வரிசையாக நிற்பார்கள்.

அந்த மூவரும் காசுகளிலும் பதக்கங்களிலும் ஓயாமல் துலாக்கோலைத் தூக்கிப்பிடித்த 3ஆம் நூற்றாண்டில் உண்மையான வெள்ளி எவ்வளவு? 270ஐ ஒட்டி வெள்ளிக்காசு என்று பெயர் சொல்லிக்கொண்ட காசில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் வெள்ளி, மற்றதெல்லாம் செம்பு. 271இல் ரோம் நாணயக் கூடத்துத் தொழிலாளிகள் ஃபெலிசிஸிமஸ் என்ற கணக்கதிகாரியின் தலைமையில் கலகம் செய்தார்கள். காசில் கைவைத்தது வெளிப்பட்டதும் பயந்து எழுந்தார்கள் என்கிறார்கள் பழைய ஆசிரியர்கள். கீலியன் குன்றில் நடந்த சண்டையில் பேரரசர் அவுரேலியனின் வீரர்கள் சுமார் 7,000 பேர் இறந்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் அத்தனை பேரை வெட்டியிருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. எண்ணைப் பாதியாக்கினாலும் அது சாதாரணக் கலகம் அல்ல.

அடுத்த தலைமுறையில் டயோக்ளீஷியன். 300ஐ ஒட்டி வெளிவந்த, மேலே மெல்லிய வெள்ளி மினுக்கிய செம்புக்காசுகளில் அவர் எழுதிய வாசகம் ‘சக்ரா மொனேத்தா’ என்று தொடங்குகிறது. நம் இரு பேரரசர்களின், நம் இரு இளவரசர்களின் புனித மொனேத்தா. ஆறாம் வேற்றுமைப் பன்மைகள் மூன்று, இரட்டித்த எழுத்துகளாகவும் சுருக்கங்களாகவும் வட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். 301இல் அவரே விலைவாசியைக் கட்டுப்படுத்தக் கல்லில் ஆணை வெட்ட வேண்டியிருந்தது. புனிதம் என்று காசே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை வந்தால் கடைக்காரன் அதைக் கடித்துப் பார்க்கத்தான் செய்வான்.

7ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிதோர், சொற்பிறப்பு பற்றிய தம் பெருநூலில், உலோகத்திலும் எடையிலும் மோசடி செய்யாதே என்று எச்சரிப்பதால் அது மொனேத்தா என்று விளக்கம் எழுதினார். பன்றி போய், வாத்து போய், இப்போது கள்ளக்காசுக்காரனுக்கு எச்சரிக்கை. காலத்துக்குக் காலம் எது கவலையோ அதைச் சொல்லுக்குள் போட்டு மூடினார்கள்.

சொல் மட்டும் நிற்காமல் நடந்தது. இத்தாலியில் ‘மொனேத்தா’வாகவே நின்று இன்று காசு என்று பொருள். ஸ்பானியத்தில் தகரம் மெலிந்து ‘மொனேதா’. பிரெஞ்சில் அந்த மெய்யும் தேய்ந்து மறைந்து ‘மொனே’. அதன் பழைய வடிவம்தான் நார்மானியரோடு கடல் கடந்து ஆங்கிலத்தில் ‘மணி’ ஆயிற்று. ஜெர்மானியப் பழங்குடிகள் அதற்கு முன்பே ரோமானியரிடம் நேராகக் கடன் வாங்கிய வடிவம் ஜெர்மனில் ‘மூன்ட்செ’, பழைய ஆங்கிலத்தில் ‘மினெட்’, பின்னர் ‘மின்ட்’. ஒரே சொல் இரண்டு வழியில் ஒரே மொழிக்குள் வந்து, ஒன்று பணமாகவும் ஒன்று பணம் அடிக்கும் இடமாகவும் பிரிந்துகொண்டது. சென்னையில் தங்கசாலைத் தெருவுக்கு மின்ட் ஸ்ட்ரீட் என்று பெயர். கம்பெனியாரின் நாணயக் கூடம் மூடி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பஸ்ஸில் வள்ளலார் நகர் என்று பலகை போட்டிருந்தாலும் வடசென்னைக்காரர்கள் கேட்பது மின்ட்தான். பட்டறை போன பிறகும் பெயர் தங்கும் என்பதை ரோமுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றில்லை.

நம் ‘நாணயம்’ மட்டும் என்னவாம்? அது சமஸ்கிருதத்தின் ‘நாணக’ என்ற சொல்லோடு தொடர்புடையது. குஷாணப் பேரரசன் கனிஷ்கரின் காசுகளில் பெயரோடு நிற்கும் நனா என்ற தெய்வத்திலிருந்தே நாணக வந்தது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அது சரியானால் இங்கேயும் ஒரு பெண் தெய்வம்தான் காசாகியிருக்கிறாள். நாணயமான ஆள் என்று நேர்மைக்கும் அதையே வைத்துக்கொண்டோம். இசிதோர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கடைசியாக ஒன்று. கொங்கு மண்ணில் கிடைக்கும் அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை மொனேத்தாவின் குன்றில் அடித்தவை அல்ல. அகஸ்டஸின் பேரப்பிள்ளைகள் இருவரும் கேடயம் ஈட்டியோடு நிற்கும் வகையும், டைபீரியஸின் ‘பொந்திஃப் மாக்சிம்’ வகையும் லுக்துனும் என்ற ஊரில், இன்றைய பிரான்சின் லியோனில் அடித்தவை. ரோம் நகரத்தையே பார்க்காமல் நேராக வெள்ளலூர் வந்தவையும் அவற்றில் இருக்கும். எந்த வகை என்று சொல்வது அந்த விளிம்பெழுத்து. பேரரசர் ஒருவரா இருவரா என்று சொல்வது அந்த எழுத்தின் கடைசி மெய். ஆகவே உழும்போதோ கிணறு வெட்டும்போதோ உங்கள் ஊரில் யாருக்காவது பழங்காசு கிடைத்தால் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்க விடாதீர்கள். உருக்கக் கொடுக்க விடாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மண்ணோடு அப்படியே ஒரு துணியில் முடிந்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, முதலில் அதைச் செய்யுங்கள்.